மூக்கொழுகும் முயல்கள்: இம்முறை வந்த கேள்விகள்

கேள்வி: என் முயல் இரண்டு நாளாகத் தும்முகிறது. என்ன மருந்து கொடுக்கலாம்?

பதில்: வயது, எடை, மூக்கிலிருந்து வருவது தண்ணீரா சளியா, தீனி தின்கிறதா என்ற நான்கில் ஒன்றைக்கூட எழுதாமல் மருந்தின் பெயரை மட்டும் கேட்டால் நான் எதைச் சொல்வது? வெறும் தண்ணீராக ஒழுகி, தீனியும் குறையவில்லை என்றால் முதலில் உலர்புல்லின் தூசியையும் கூண்டில் தேங்கிய சிறுநீரின் நெடியையும் கவனியுங்கள். வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சளி வந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். எப்படியானாலும் இன்றே எடை பார்த்துக் குறித்து வையுங்கள்.

கேள்வி: மூக்கு உலர்ந்திருக்கிறது; ஆனால் முன்னங்கால்களின் உட்புறத்தில் ரோமம் சடைபிடித்திருக்கிறது. இது தோல் நோயா?

பதில்: பெரும்பாலும் இல்லை. முயல் முன்னங்கால்களால்தான் மூக்கைத் துடைத்துக்கொள்ளும். அந்தச் சடை காய்ந்த சளியாக இருக்கும்.

கேள்வி: குழந்தைக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் மீதமிருக்கிறது. குழந்தைக்கே கொடுக்கும் மருந்துதானே, முயலுக்குச் சில துளிகள் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. இதை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த கட்டுக் கடிதங்களில் இதே கேள்வி வேறொரு மருந்தின் பெயரோடு வந்து நிற்கிறது. முயலின் செரிமானம் பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள பெரிய பையில் வாழும் நுண்ணுயிர்களை நம்பி நடப்பது. அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லிங்கோமைசின் ஆகியவற்றை வாய்வழியாகக் கொடுத்தால் அந்த நுண்ணுயிர்கள் அழிந்து, அவை விட்ட இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் வகைப் பாக்டீரியாக்கள் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. வயிற்றுப்போக்கு சில நாள்கள் கழித்தே தொடங்கக்கூடும் என்பதால், முதல் இரண்டு வேளை ஒன்றும் ஆகவில்லை என்று வீட்டார் நிம்மதியாகத் தொடர்ந்து கொடுக்கிறார்கள். பிறகு முயல் இறந்ததும் சளி முற்றிவிட்டது என்று எனக்கு எழுதுகிறார்கள். சளியோடு மாதக்கணக்கில் வாழ்ந்திருக்கக்கூடிய முயலைக் கொன்றது அந்த சிரப்தான். அமாக்சிசிலினின் இனத்தைச் சேர்ந்த பென்சிலினைச் சில மருத்துவர்கள் முயலுக்குத் தோலடி ஊசியாகப் போடுவது உண்மை. அது குடல் வழியாகப் போகாத மருந்து என்பதால் அதைக் காட்டி வாய்வழி மருந்துக்கு நியாயம் தேட வேண்டாம். வழக்கமாக எழுதித் தரப்படுபவை என்ரோஃப்ளாக்சசின், ட்ரைமெத்தோப்ரிம் சல்ஃபா, அசித்ரோமைசின் போன்றவை. அவற்றின் அளவும் எடையைப் பொறுத்ததே. ஆகவே மறுபடியும் சொல்கிறேன், எடை பாருங்கள்.

கேள்வி: ஐந்து நாள் மருந்தில் சளி நின்றுவிட்டதால் நிறுத்தினோம். பத்தே நாளில் திரும்பிவிட்டது. மருந்து சரியில்லையா?

பதில்: நிறுத்தியதுதான் சரியில்லை. முயல் சளிக்குப் பெரும்பாலும் காரணமான பாஸ்டுரெல்லா என்ற பாக்டீரியா மூக்கின் உட்குழிகளிலும் நடுக்காதிலும் பதுங்கிக் கிடக்கும். குறைந்தது இரண்டு வாரம், நாள்பட்ட நோயில் ஒரு மாதத்துக்கும் மேல் மருந்து தேவைப்படும். முழு அளவு கொடுத்தும் திரும்பினால், மூக்கின் ஆழத்திலிருந்து மாதிரி எடுத்து எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று சோதிப்பதும், பல் வேரைப் படமெடுத்துப் பார்ப்பதும் அவசியம். மேல்தாடைப் பல்லின் வேரில் சீழ் கட்டியிருக்கும் வரை மூக்கு ஓயாது. சில முயல்களுக்கு நோயை அடக்கி வைக்க முடியுமே தவிர வேரோடு தீர்க்க முடியாது.

கேள்வி: ஆவி பிடிக்க வைக்கலாமா?

பதில்: வெந்நீர் ஆவியும் தைலமும் வேண்டாம், முயலுக்கு வெப்பம் தாங்காது, நெடி மூக்கை மேலும் புண்ணாக்கும். நெபுலைசரில் உப்புநீர்க் கரைசலை வைத்து ஒரு கால் மணி நேரம், நாளைக்கு இரண்டு மூன்று முறை கொடுக்கலாம்.

கேள்வி: நேற்று மாலையிலிருந்து தின்னவில்லை, தலையை மேலே தூக்கி வாயைத் திறந்து மூச்சு விடுகிறது. திங்கள்கிழமை வரை பொறுக்கலாமா?

பதில்: இதற்குக் கடிதம் எழுதியிருக்கவே கூடாது. முயல் மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் பிராணி. அது வாயைத் திறக்கிறது என்றால் ஆக்சிஜன் உள்ள மருத்துவமனைக்கு அந்த நிமிடமே கொண்டு போக வேண்டும். மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். மூச்சுத் திணறும்போது ஊசிக்குழலால் தீனி புகட்டினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். திணறல் இல்லாமலே அரை நாள் தின்னாதிருந்தாலும் குடல் இயக்கம் நின்றுபோகக்கூடும். அதற்கும் திங்கள்கிழமை வரை பொறுக்க முடியாது.

கேள்வி: சளி பிடித்த முயலோடு கினிப் பன்றியை வைத்திருக்கலாமா?

பதில்: பிரித்துவிடுங்கள். முயலுக்குப் பெரிய தொல்லை தராத போர்டெடெல்லா என்ற பாக்டீரியா கினிப் பன்றிக்கு நிமோனியாவைக் கொடுக்கும்.

கேள்வி: மூச்சை எப்படி எண்ணுவது?

பதில்: முயல் அசையாமல் படுத்திருக்கும்போது விலாப்புறம் ஏறி இறங்குவதைக் கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்குங்கள், மூக்கு நுனியின் துடிப்பை எண்ணாதீர்கள். முப்பதிலிருந்து அறுபது வரை இயல்பு. நலமாக இருக்கும் நாளிலேயே எண்ணிக் குறித்து வைத்தால், நோய் வந்த நாளில் ஒப்பிட உங்கள் முயலின் சொந்தக் கணக்கே கையில் இருக்கும். அந்தத் தாளிலேயே எடையையும் எழுதிவிடுங்கள்.