பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி – ஒரு கடிதம்

அண்ணா, வணக்கம்.

எனக்குச் சென்னிமலைப் பக்கம். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி, தமிழ் வழி. ப்யூர் சயின்ஸ் குரூப் எடுத்து பிளஸ் டூ முடித்திருக்கிறேன். நீட் எழுதினேன், வரவில்லை. அப்பா பெட்ஷீட் தறி ஓட்டுகிறார், இன்னொரு வருடம் வீட்டில் உட்கார வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எனக்கும் கெமிஸ்ட்ரி பிடிக்கும், மார்க்கும் அதில்தான் அதிகம். அரசுக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி கிடைக்கும் போலிருக்கிறது, ஆனால் இரண்டு பஸ் மாற வேண்டும். தனியார் கல்லூரி ஒன்றில் ஊருக்குள்ளேயே பஸ் வரும் என்கிறார்கள். "கெமிஸ்ட்ரி படிச்சா சாயப்பட்டறைலதான் வேலை" என்கிறார் மாமா.

மூன்று வருடத்துக்கும் செமஸ்டர் வாரியாகத் திட்டம் போட்டு இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முதல் வருடம் ஸ்போக்கன் இங்கிலீஷும் பைத்தானும், இரண்டாம் வருடம் ஆன்லைன் சர்டிபிகேட் மூன்று, மூன்றாம் வருடம் எம்.எஸ்ஸி. சேர்வதற்கான ஜாம் நுழைவுத் தேர்வு, அது வராவிட்டால் பி.எட். துணைப்பாடம் கணிதமா, தாவரவியல் விலங்கியலா என்பதில்தான் குழப்பம். கணக்கு பத்தாவதோடு விட்டுப்போச்சு. லேப்டாப் வாங்க வேண்டுமா என்றும் சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

சென்னிமலை வாசகி

அன்புள்ள அம்மிணிக்கு,

திட்டத்தைப் பார்த்தேன். கட்டம் போட்டு, செமஸ்டருக்கு ஒரு கலர் அடித்து, நல்ல வேலைப்பாடு. இரண்டு தரம் படித்த பிறகுதான் எது உறுத்துகிறது என்று பிடிபட்டது. ஆறு செமஸ்டரிலும் லேப் என்ற சொல்லே இல்லை. கெமிஸ்ட்ரி படிக்கப் போகிறவர் மூன்று வருடத் திட்டத்தில் லேப்பை விட்டுவிடுவது, தறி போடுகிறவர் பாவு நூலை விட்டுவிட்டுக் கணக்குப் போட்ட மாதிரி. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் படித்தேன்.

நான் படித்த கல்லூரியின் பெயர் வேண்டாம். நான்கு பேருக்கு ஒரு பியூரெட், அதாவது சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கிற கண்ணாடிக் குழாய். அதில் ஒருவன் பிடிப்பான், மற்ற மூவரும் சீனியரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து எண்ணை எடுத்து 18.2, 18.2, 18.2 என்று மூன்று ரீடிங்கும் ஒரே மாதிரி எழுதிவிடுவோம். சாரும் டிக் போடுவார். முதல் வகுப்பில் தேறி திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேப்பில் சேர்ந்தேன். சேர்ந்த அன்றைக்கே ஒரு சதவீதச் சாயக் கரைசலில் பத்து மில்லி எடுத்துத் தரச் சொன்னார்கள். உறிஞ்சி அளக்கிற குழாயான பிப்பெட்டில் மட்டத்தைக் கோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்த எனக்கு வரவில்லை. இறங்கிவிடும், திரும்ப ஏற்றுவேன், திரும்பவும் இறங்கும். பக்கத்தில் நின்ற அண்ணன், பத்தாவது தாண்டாதவர், என் கையிலிருந்து வாங்கி, கோட்டைக் கண்ணுக்கு நேராக வைத்து ஒரே தரத்தில் நிறுத்திக் காட்டினார். "பி.எஸ்ஸிங்களா?" என்று கேட்டார். நக்கல் இல்லை, உண்மையான சந்தேகம்!

அந்தப் பத்து மில்லிக்கு ஒரு கணக்கு உண்டு. மாதிரித் துணி 5 கிராம், கேட்ட ஷேடு துணி எடையில் 2 சதவீதம், ஆக 0.1 கிராம் சாயம். ஒரு சதவீதக் கரைசல் என்றால் நூறு மில்லியில் ஒரு கிராம், அதனால் பத்து மில்லி. துணியைப் போலப் பத்து மடங்கு தண்ணீர், அதாவது 50 மில்லி. லிட்டருக்கு 60 கிராம் உப்பு என்றால் அதில் 3 கிராம். சோடா ஆஷ் என்கிற காரம் பிறகு. அவசரப்பட்டு முதலிலேயே கொட்டினால் சாயம் ஒரு பக்கம் பிடித்து ஒரு பக்கம் விட்டுத் துணி திட்டுத்திட்டாக வரும். 60 டிகிரியில் வைத்து எடுத்து, அலசி, காயவைத்து, லைட் பாக்ஸுக்குள் வாங்குபவர் அனுப்பிய துணியோடு ஒட்டிப் பார்ப்போம். பிப்பெட்டில் அரை மில்லி தவறியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். டிக் போட சார் கிடையாது.

இதில் உப்பு எதற்கு என்று எனக்குச் சேர்ந்து ஆறு மாதம் வரை தெரியாது. தண்ணீருக்குள் பருத்திக்கும் எதிர்மின் சுமை, சாயத்துக்கும் எதிர்மின் சுமை, ஒன்றையொன்று தள்ளும். உப்பின் சோடியம் அயனி நடுவில் புகுந்து அந்தத் தள்ளுமுள்ளைக் குறைப்பதால் சாயம் நூலுக்குப் பக்கத்தில் போகிறது, பிறகு காரம் போட்டதும் நிரந்தரமாகப் பிணைகிறது. சரி, உப்பு? அது எதிலும் ஒட்டுவதில்லை, அலசுகிற தண்ணீரோடு அப்படியே போய்விடும். மேலே போட்ட கணக்கையே ஒரு கிலோ துணிக்குப் பெருக்கிப் பாருங்கள், அரைக் கிலோவுக்கு மேல் உப்பு. நிறத்தை சுண்ணாம்பு போட்டுப் படியவைத்து எடுத்துவிடலாம், கரைந்த உப்பை அப்படி எடுக்க முடியாது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறதே, 1992இல் பாசனத்துக்காக நொய்யலில் கட்டியது, அது சாயக் கழிவு நிற்கிற குட்டையாகி, கீழ்ப்பக்கத்து விவசாயிகள் கோர்ட்டுக்குப் போய், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது வரைக்கும் வந்ததற்கு அடியில் இருப்பது இந்த உப்புதான். இன்று கழிவைச் சவ்வூடு அழுத்தி, மிச்சத்தை ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுக்கிறார்கள். அந்தச் சுத்திகரிப்பு நிலையங்களின் லேப்பில் உட்கார்ந்திருப்பவர்களும் கெமிஸ்ட்ரி படித்தவர்கள்தான். மாமாவிடம் சொல்லுங்கள், அவர் சொன்னது பாதி சரி, மீதிப் பாதியும் அதே ஆற்றில்தான் இருக்கிறது என்று. வேலை பெருந்துறை சிப்காட்டில் இருக்கிறது, மேட்டூரில் இருக்கிறது, துணி சோதிக்கிற லேப்களில் இருக்கிறது. (சாயப்பட்டறை வேலை கேவலம் என்கிற தொனி அவருக்கு இருந்தால் அதை நான் ஏற்கவில்லை. என் கல்யாணமே அந்தச் சம்பளத்தில்தான் நடந்தது.)

ஆகவே, எந்தக் கல்லூரி என்பதை பஸ்ஸை வைத்து முடிவு செய்யாதீர்கள், லேப் கதவைத் திறந்து பார்த்து முடிவு செய்யுங்கள். இரண்டு இடத்துக்கும் வேலை நாளில், மதியத்துக்கு மேல் போங்கள். ஒரு பியூரெட்டுக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள்? தராசு ஓடுகிறதா, துணி போட்டு மூடிவைத்திருக்கிறதா? காய்ச்சி வடித்த தண்ணீருக்கு வழி என்ன? லேப் அசிஸ்டென்ட் ஐந்து நிமிடம் பேசுவார், அவரிடம் கேளுங்கள், முதல்வர் அறைக்குப் போனால் கட்டடம்தான் காட்டுவார்கள். அரசுக் கல்லூரியில் பழைய மேஜையாக இருந்தாலும் ஆளுக்கு ஒரு பியூரெட் கிடைத்தால் இரண்டு பஸ் மாறுங்கள். டவுன் பஸ்ஸில் உங்களுக்கு டிக்கெட் காசு கிடையாது, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வரும். தனியாரில் லேப் நன்றாக இருந்து, ஃபீஸ் அப்பாவுக்குத் தாங்கும் என்றால் அங்கே போவதிலும் தப்பில்லை.

சேர்ந்த பிறகு ஒன்று செய்யுங்கள். பர்மாங்கனேட்டை ஆக்ஸாலிக் அமிலத்தில் விட்டுத் தரம்பார்த்தல் (டைட்ரேஷன்) செய்வீர்கள், கரைசலைச் சூடாக்கிக்கொண்டு. முதல் சொட்டு விழுந்ததும் ஊதா நிறம் உடனே போகாது, கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். அடுத்தடுத்த சொட்டுகள் விழுந்த மாத்திரத்தில் காணாமல் போகும். ஏன் என்று கேளுங்கள். வினையில் உண்டாகிற மாங்கனீசு அயனியே அந்த வினைக்கு வினையூக்கி. கடைசியில் ஒரே ஒரு சொட்டில் வெளிர் ரோஸ் வந்து அரை நிமிடம் நிற்கும், அங்கே நிறுத்த வேண்டும். ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுகிறவருக்கு இது எதுவும் கண்ணில் படாது. எனக்குப் படவில்லை.

துணைப்பாடம்: கணிதம். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை, பயம் மட்டும்தான் இருக்கிறது. பயம் நியாயமானதுதான், இயற்பியல் வேதியியல் (பிசிக்கல் கெமிஸ்ட்ரி) என்று ஒரு தாள் வரும், வினைவேகத்தைச் சொல்ல ஆரம்பித்த இரண்டாவது வரியிலேயே வகைக்கெழு, நான்காவது வரியில் மடக்கை. தாவரவியல் எடுத்தால் அது உங்களை விட்டுவிடப் போவதில்லை, துணைக்கு ஆள் இல்லாமல் அதனிடம் மாட்டுவீர்கள், அவ்வளவுதான். கெமிஸ்ட்ரிக்காக 2009இல் நோபல் வாங்கிய சிதம்பரத்துக்காரர் வெங்கி ராமகிருஷ்ணன் பி.எஸ்ஸி.யும் பிஎச்.டி.யும் படித்தது பிசிக்ஸில். அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரலாம், கணக்கு இல்லாமல் எந்தப் பக்கமும் போவது கஷ்டம். கல்லூரி திறக்கும் வரை கையில் இருக்கிற வாரங்களில் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தைத் தமிழிலேயே எடுத்து மடக்கை, வகைநுண்கணிதம், தொகைநுண்கணிதம் இந்த மூன்றை மட்டும் போடுங்கள். புத்தகம் இணையத்தில் இலவசம். தினம் பத்துக் கணக்கு. முக்கோணவியலில் போய் உட்கார்ந்துவிடாதீர்கள்.

தமிழ் வழிப் பயத்தைக் கடிதத்தில் நேராக எழுதவில்லை, ஆனால் முதல் வருடம் ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று போட்டிருப்பதே சொல்கிறது. அது வேறு, இது வேறு. வகுப்பில் உங்களைத் தடுக்கப் போவது முந்நூறு, நானூறு சொற்கள். ஒரு நோட்டில் இடது பக்கம் 'ஆக்ஸிஜனேற்றம்', வலது பக்கம் அதன் ஆங்கிலம் என்று எழுதிக்கொண்டே போங்கள், தீபாவளிக்குள் அந்த நோட்டைத் திறக்க வேண்டியிருக்காது.

சர்டிபிகேட் மூன்றையும் அடித்துவிடலாம். அந்த இடத்தில் ஐ.ஐ.டி.க்காரர்கள் இலவசமாகப் போட்டிருக்கும் என்.பி.டி.இ.எல். பாடங்களில் ஒன்றை முழுசாகப் பாருங்கள். பைத்தான் இருக்கட்டும், மூன்றாம் செமஸ்டருக்குத் தள்ளுங்கள். ஜாம் தேர்வு பிப்ரவரியில் வரும், விண்ணப்பம் அதற்கு நான்கைந்து மாதம் முன்பே, அதனால் ஆறாம் செமஸ்டரில் நீங்கள் போட்டிருக்கிற தயாரிப்பு நான்காம் செமஸ்டரிலேயே தொடங்க வேண்டும். அந்த மார்க்கை வைத்து ஐ.ஐ.டி.க்களில் மட்டுமல்ல, திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களிலும் எம்.எஸ்ஸி. கிடைக்கும். பி.எட். தோல்விக்கான இடம் மாதிரி ஓரத்தில் போட்டிருக்கிறீர்கள். பிளஸ் டூவுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்க எம்.எஸ்ஸி.யும் பி.எட்.டும் இரண்டும் வேண்டும், அது தனி வழி, வேண்டுமானால் விரும்பிப் போங்கள்.

லேப்டாப் இப்போதைக்கு வேண்டாம். ஒரு சயின்டிபிக் கால்குலேட்டர், மணிக்கட்டு வரை கையை மறைக்கிற பருத்திக் கோட்டு, பக்கமெல்லாம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி. கண்ணாடியைப் பார்த்து கூடப் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள், போட்டுக்கொள்ளுங்கள். பட்டறையில் எனக்கு பிப்பெட் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த அண்ணனுக்குக் காஸ்டிக் சோடா தெறித்து ஒரு கண்ணில் பார்வை மங்கிவிட்டது. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ தேடிக்கொண்டிருந்தோம். முதலில் குழாயடியில் நிறுத்திக் குறைந்தது கால் மணி நேரமாவது கண்ணைத் தண்ணீரில் கழுவியிருக்க வேண்டும், பி.எஸ்ஸி. படித்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.