அக்கா மகளும் சங்கேதக் கடிதமும்

அன்புள்ள ஐயா,

ஆரன் பர் சதி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். முன்னாள் துணை ஜனாதிபதி ஒருவர், அமெரிக்காவின் மேற்குப் பகுதியைப் பிரித்துத் தனி நாடாக்கப் பார்த்தார் என்று விசாரிக்கப்பட்ட வழக்கு. அதில் பருக்குத் துணைபோன பிளென்னர்ஹாசெட் தம்பதியின் கல்யாணக் கதை எதற்கு? பர் துரோகி என்பதற்கு, ஜெனரல் வில்கின்சனுக்கு அவர் அனுப்பியதாகச் சொல்லும் சங்கேதக் கடிதம் ஒன்றே போதாதா?

எஸ்., மதுரை

அன்புள்ள எஸ்.,

போதாது. அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த இடம் அப்படி. 1806 அக்டோபரில் அதை வாங்கிய ஜெனரல் வில்கின்சன், அமெரிக்கப் படைத் தளபதியாக இருந்துகொண்டே ஸ்பெயினிடம் ரகசியமாகப் பணம் வாங்கியவர். மே 13 முத்திரையிட்ட உங்கள் கடிதம் கிடைத்தது என்றுதான் அது தொடங்குகிறது. அந்த ஒரு வரி போதும், தளபதியும் கூட்டாளி என்று காட்ட. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் தன் பிரதியை ஜனாதிபதி ஜெஃபர்சனுக்கு அனுப்பினார். பிறகு பர் வழக்கு நடந்த ரிச்மண்டில், யார் மேல் குற்றம் சாட்டுவது என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரி அவர் மேலேயே குற்றம் சாட்டலாமா என்று வாக்கெடுத்தது. 9-க்கு 7 என்று தப்பினார். போதாததற்கு, கிடைத்திருக்கும் பிரதியே பரின் கையெழுத்தில் இல்லை, அவர் நண்பர் ஜொனதன் டேட்டன் எழுதியது என்பது பர் ஆவணங்களின் பதிப்பாசிரியர்கள் கண்ட முடிவு.

இனி கல்யாணம். ஹார்மன் பிளென்னர்ஹாசெட் அயர்லாந்துப் பணக்காரர். மணந்தது சொந்த அக்கா மகள் மார்கரெட்டை. நம்மூரில் என்றால் முறைப்பெண்தானே என்று பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே அது பாவம், சட்டத்துக்கும் விரோதம். வீட்டார் ஒதுக்கினார்கள். ஐரிஷ் புரட்சிக்காரர்களோடு அவருக்கிருந்த தொடர்பும் ஒரு காரணம்தான். எப்படியோ, எல்லாவற்றையும் விற்றுவிட்டு, ஒஹையோ ஆற்றுத் தீவு ஒன்றில் 1800-இல் மாளிகை கட்டிக் குடியேறினார்கள். ஊர் வாய்க்கு எட்டாத இடம். ஆனால் மாளிகை காசைத் தின்றது. 1805 டிசம்பரில், உங்கள் திட்டம் எதுவானாலும் சேர்ந்துகொள்கிறேன் என்று பருக்கு அவரே எழுதினார். கல்யாணத்தை விட்டுவிட்டால் இந்தக் கடிதம் எங்கிருந்து வந்தது என்றே புரியாது.

சங்கேதக் கடிதத்திலும் குடும்பம்தான். பரின் மகள் தியடோசியா வருகிறாள், பேரன் வருகிறான், மாப்பிள்ளை ஆட்களோடு பின்னால் வருவார் என்று எழுதியிருக்கிறது. கடிதம் பத்திரிகைகளில் வந்ததும் மாப்பிள்ளை ஜோசப் ஆல்ஸ்டன் தெற்குக் கரோலைனா ஆளுநருக்குப் பகிரங்கக் கடிதம் எழுதி, தனக்கு ஒன்றும் தெரியாது என்று கைகழுவினார். ஆனால் பரின் கடனுக்கு ஜாமீன் சொன்னவரும் அவர்தான். அதை நம்பிப் பணம் போட்ட ஹார்மன் பின்னாளில் அவருக்கு எழுதிய கடிதம் சுத்தமான மிரட்டல்: பாக்கியைக் கொடு, இல்லாவிட்டால் எல்லாவற்றையும் புத்தகமாகப் போடுவேன்.

திட்டம் அம்பலமாகி, 1806 டிசம்பரில் ஹார்மன் இரவோடிரவாகப் படகேறித் தப்பிய மறுநாள், உள்ளூர்ப் படையினர் தீவில் இறங்கி மது அறையைக் காலி செய்தார்கள். வெளியே போயிருந்த மார்கரெட் திரும்பியபோது வீடு சூறையாடப்பட்டுக் கிடந்தது. அந்தச் சேதத்துக்கு ஈடு கேட்டு அவர் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குக் கொடுத்த மனு 1842-இல்தான் அவைக்கு வந்தது. முடிவு வருமுன் அதே ஆண்டு நியூயார்க்கில் இறந்துபோனார்.