ஆற அமரச் செய்தால் என்ன?

அன்புள்ள ஐயா,

கனடாவில் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பது பற்றி எழுதியிருந்தீர்கள். சீர்திருத்தம் வேண்டும்தான். ஆனால் அவசரத்தில் விதிகளைத் தளர்த்தி, ஒரு குழந்தை வீட்டில் அடிபட்டுச் செத்தால் யார் பொறுப்பு? ஆற அமரச் செய்தால் என்ன?

எஸ்., டொராண்டோ

அன்புள்ள எஸ்.,

அடிபடும் குழந்தையை வீட்டிலேயே விட்டுவைக்க யாரும் சொல்லவில்லை. பூர்வகுடிக் குழந்தைகள் பெரும்பாலும் ‘சரியாகக் கவனிக்கவில்லை’ என்றுதான் எடுத்துச் செல்லப்படுகிறார்கள். விசாரித்தால் அடியில் கிடப்பது வறுமை, ஒழுகும் நெரிசலான வீடு, பெற்றோரின் குடி. 2016 கணக்கெடுப்பில் 14 வயது வரையுள்ளவர்களில் பூர்வகுடிக் குழந்தைகள் 7.7 சதவீதம், வளர்ப்பு இல்லங்களிலோ பாதிக்கு மேல்.

பணம் போன வழியைப் பாருங்கள். ரிசர்வில் (பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய நிலப்பகுதியில்) ஒரு குழந்தையை எடுத்துவிட்டால் ஆகும் செலவை மத்திய அரசு அப்படியே ஈடுகட்டியது. எடுக்காமலிருக்க, அந்தத் தாய்க்கு உதவ, பெயருக்கு ஒரு தொகை. ஆற அமர யோசித்த காலமெல்லாம் இந்தக் கணக்குதான் ஓடியது.

ரிசர்வுக் குழந்தைகளுக்கு மத்திய அரசு தரும் பணம், மற்ற குழந்தைகளுக்கு மாகாணங்கள் தருவதைவிடக் குறைவு என்று, குழந்தை உரிமைப் போராளி சிண்டி பிளாக்ஸ்டாக்கின் அமைப்பும் பூர்வகுடிகளின் பேரவையும் 2007இல் மனித உரிமைப் புகார் கொடுத்தன. மத்திய அரசின் சேவையை மாகாணச் சேவையோடு ஒப்பிடவே கூடாது என்றது அரசு. அதை ஏற்று 2011இல் புகார் தள்ளுபடியானது. 2012இல் நீதிமன்றம் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தது. இது பாரபட்சம்தான் என்று மனித உரிமைத் தீர்ப்பாயம் சொல்ல 2016 ஜனவரி ஆகிவிட்டது. புகாரின்போது ஒன்பது வயதான பிள்ளை அதற்குள் பதினெட்டைத் தொட்டிருக்கும்.

மேனிடோபா மாகாணத்துப் பூர்வகுடிச் சிறுவன் ஜோர்டன் ரிவர் ஆண்டர்சனுக்கு அவ்வளவு காலமும் கிடைக்கவில்லை. பிறந்ததிலிருந்து மருத்துவமனைவாசம். வீட்டுச் சூழலுக்கு அனுப்பலாம் என்று மருத்துவர்கள் சொன்ன பிறகும், செலவு மத்திய அரசுடையதா மாகாணத்துடையதா என்று இரண்டு வருடத்துக்கு மேல் இழுபறி. 2005இல், ஐந்து வயதில், மருத்துவமனையிலேயே இறந்தான். இனி இப்படி நடக்கக்கூடாது என்று அவன் பெயரிலான, ‘முதலில் குழந்தைக்குச் சேவை, செலவுத் தகராறு பிறகு’ என்ற கொள்கைக்கு 2007இல் நாடாளுமன்றம் ஒருமனதாகக் கைதூக்கியது. (கைதூக்கச் செலவில்லையே.) முழுதாக நடைமுறைப்படுத்தச் சொல்லி 2016 தீர்ப்பில் உத்தரவிட வேண்டியிருந்தது.

விதிகளைத் தளர்த்துவது என்கிறீர்கள். பூர்வகுடிக் குழந்தைகளுக்கென 2020 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மத்திய சட்டம் சொல்வது, வறுமை அல்லது சரியான வீடு இல்லாமை என்ற காரணத்துக்காக மட்டும் குழந்தையைப் பிரிக்கக்கூடாது என்று. உடனடி ஆபத்திலிருக்கும் குழந்தையை எடுக்க அது தடையே இல்லை. கியூபெக் மாகாணம் எதிர்த்து வழக்குக்குப் போயும் 2024இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தை முழுதாக ஏற்றது. நீங்கள் பயப்படும் தளர்வு அதில் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று எழுதுங்கள், பேசலாம்.