சல்பைடு கூட்டக் கூட்ட ஈயம் ஏன் மிதக்க மறுக்கிறது?

ஆக்ஸிஜனேற்றம் அடைந்த ஈயத் தாது நுரை மிதப்பில் (கனிமத் துகளைக் காற்றுக் குமிழியில் ஒட்டவைத்து நுரையோடு பிரிக்கும் முறை) சரியாக வரவில்லை, சோடியம் சல்பைடைக் கூட்டினால் மீட்பு (தாதுவிலுள்ள ஈயத்தில் கைக்குக் கிடைக்கும் பங்கு) இன்னும் குறைகிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஆலையிலும் யாரோ ஒருவர் “இன்னும் கொஞ்சம் ஊற்று” என்று சொல்லிக்கொண்டிருப்பார். முதலில் அவரை நிறுத்துங்கள்.

உங்கள் தாதுவில் இருப்பது பெரும்பாலும் செருசைட், அதாவது ஈயக் கார்பனேட்டாக இருக்கும். ஈய சல்பைடுக் கனிமமான கலீனாவில் ஒட்டுவதுபோல், துகளைக் குமிழியில் ஒட்டவைக்கும் வேதிப்பொருளான சாந்தேட் இதில் நிலைத்து ஒட்டாது. அதற்காகத்தான் சல்பைடு கொடுத்து, துகளின் மேல் மெல்லிய ஈய சல்பைடுப் படலம் உண்டாக்குகிறோம். படலம் உருவான பின்பும் கரைசலில் சல்பைடு மிஞ்சியிருந்தால், அதுவே சாந்தேட்டை அண்டவிடாது.

மொராக்கோவில் நான் பணியாற்றிய ஆலையிலும் இதே கதைதான். கழிவில் ஈயம் ஏறும்போதெல்லாம் மேலாளர் சல்பைடைக் கூட்டச் சொல்வார். ஆய்வகத்தில் அதே மொத்த அளவைப் பங்குகளாகப் பிரித்தேன். கரைசலில் மிஞ்சிய சல்பைடைக் காட்டும் மின்முனை வைத்து, முதல் பங்கு தீர்ந்ததைப் பார்த்த பிறகே சாந்தேட் சேர்த்து நுரையை எடுத்தேன். அதன் பிறகே அடுத்த பங்கு. மீட்பு ஏறியது. அதிக நேரம் கலக்கவும் கூடாது, படலம் உரிந்துவிடும். ஆங்லிசைட், அதாவது ஈய சல்பேட், இருந்தால் இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

ஆனால் உண்மையான இழப்பு அரைவையில் இருந்தது. இதை நான் கண்டுபிடித்தேன் என்பதில் இன்றும் பெருமைதான். கழிவைச் சல்லடையில் பிரித்துப் பார்த்தபோது, ஈயம் பெரும்பாலும் மிக நுண்ணிய தூளில் கிடந்தது. செருசைட்டின் அடர்த்தி சுமார் 6.5, குவார்ட்ஸுக்கு 2.65. போதுமான அளவு அரைபட்ட துகளைக்கூட, கனமாக இருப்பதால், துகள்களைச் சுழற்றிப் பருமன் பார்த்துப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோன் மறுபடி அரைவைக்கே அனுப்பும். நொறுங்கும் கனிமம், கடைசியில் சேறாகிவிடும். சேறான ஈயத்தை எந்தச் சல்பைடும் மீட்டுத் தராது. அரைவையிலிருந்து வெளிவரும் இடத்திலேயே கனமானதைத் தனியே ஒதுக்கும் அதிர்வு மேசை வைத்துப் பருமனான துகளைப் பிரித்தெடுத்தோம். கழிவில் ஈயம் இறங்கியது.

ஈயத்தைக் கரைசலில் கரைத்துப் பிரிக்கும் கரைத்தெடுப்புதான் நவீன வழி, மிதப்பெல்லாம் பழங்கதை என்று சிலர் இங்கே சண்டைக்கு வருவார்கள். ஈயமும் இரும்பும் சேர்ந்த சல்பேட்டான பிளம்போஜாரோசைட் மிகுந்த தாது என்றால் நானும் சூடான உப்புக் கரைசலைத்தான் சொல்வேன். ஆகவே மொத்த ஈயம் எவ்வளவு என்ற சான்றிதழோடு நிற்காமல், எந்தக் கனிமத்தில் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஈயக் கார்பனேட் தூசி இரைப்பை அமிலத்தில் கலீனாவைவிட எளிதாகக் கரையும். மேற்கு ஆஸ்திரேலியாவின் எஸ்பெரன்ஸ் துறைமுகம் வழியாக இந்தக் கார்பனேட் ஏற்றுமதியானபோது, 2006 டிசம்பரிலிருந்து 2007 மார்ச் வரை ஆயிரக்கணக்கான பறவைகள் செத்து விழுந்தன. அங்கிருந்த குழந்தைகளின் இரத்தத்திலும் ஈயம் ஏறியிருந்தது. எங்கள் ஆலையில் மாதச் சம்பளக்காரர்களுக்கு இரத்தப் பரிசோதனை உண்டு. உலர்ந்த தூளைச் சாக்கில் அடைத்த தினக்கூலிக்காரர்களுக்குக் கிடையாது. எழுத்தில் கொடுத்தேன், பதிலே வரவில்லை. இன்றும் ஆறாத கோபம் அது. மீட்பு ஏறியதா என்று எழுதுங்கள். சாக்கு கட்டுபவர்களுக்குக் கடைசியாக எப்போது இரத்தம் பார்த்தார்கள் என்பதையும் விசாரித்து எழுதுங்கள்.