கரடியில் வேதம் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஓராண்டாக இணையவழியில் ரஷ்யன் படிக்கிறேன். கரடிக்கு 'மெத்வேத்' என்கிறார்கள். 'ம்யோத்' என்றால் தேன், 'வேதத்' என்றால் அறிதல். ஆகவே தேனை அறிந்தது கரடி, அந்த 'வேத்' நம் வேதம்தான் என்று வகுப்பில் சொன்னார்கள். நானாகக் கவனித்தவையும் உண்டு. நெருப்பு 'ஒகோன்', நமக்கு அக்னி. நான்கு 'செதீரெ', சமஸ்கிருதத்தில் சதுர். 'எதொ' என்றால் இது! கடைசியாகச் சொன்னதைக் கண்டுபிடித்த அன்று தூக்கம் வரவில்லை. ரஷ்யனுக்கும் தமிழுக்கும் உறவு உண்டா? ஒரு சொல்லின் வேரை நாமே தேடிப் பார்க்க என்ன வழி?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

'ஒகோன்' சரி. லித்துவேனியனில் 'உக்னிஸ்', லத்தீனில் 'இக்னிஸ்', சமஸ்கிருதத்தில் 'அக்னி'. மற்ற மூன்றும்தான் வேலை வாங்கும்.

'எதொ'வை முதலில் முடித்துவிடுவோம். ஒரு ரஷ்யச் சொல் கையில் கிடைத்ததும் நேரே சமஸ்கிருதத்துக்கோ தமிழுக்கோ ஓடக்கூடாது. முதலில் கூடப்பிறந்தவர்களை, அதாவது ரஷ்யனின் ஸ்லாவியக் குடும்பத்து மொழிகளை, விசாரிக்க வேண்டும். ஒரு தாளில் கட்டம் போட்டு உக்ரைனியன், போலிஷ், செக், செர்பியன், பல்கேரியன் வடிவங்களை எழுதுங்கள். 9ஆம் நூற்றாண்டில் எழுத்து கண்ட ஸ்லாவியத் தேவாலய மொழியான பழைய சர்ச் ஸ்லாவோனிக்குக்கும் ஒரு கட்டம் விடுங்கள். போலிஷிலும் செக்கிலும் 'இது' வெறும் 'தொ'. முன்னால் நிற்கும் 'எ' கைநீட்டிக் காட்டும்போது வாயில் வரும் ஒலி, பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. அதைக் கழித்தால் மிஞ்சுகிற 'தொ' சமஸ்கிருத 'தத்'துக்குச் சொந்தம். நம் 'இது'வில் இ சுட்டெழுத்து, து ஒன்றன்பால் விகுதி. இரண்டும் தற்செயலாக ஒத்துப்போயின. நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம்.

இப்போது கரடி. 'வேதத்'தும் நம் வேதமும் ஒரே வேர் என்பது உண்மை. 'ம்யோத்'தும் சமஸ்கிருத 'மது'வும் ஒரே வேர் என்பதும் உண்மை (தமிழில் வழங்கும் மது அங்கிருந்து வாங்கியது, நம்முடையது தேன்). தவறு, சொல்லை வெட்டிய இடத்தில். அது மெத்-வேத் அல்ல, மெத்வ்-ஏத். 'ஏத்' என்பது தின்னும் வினை. லித்துவேனியன் 'ஏஸ்தி', லத்தீன் 'எதோ', சமஸ்கிருத 'அத்' எல்லாம் அதே குடும்பம். அன்னம் என்கிறோமே, அது இந்த 'அத்'திலிருந்து வந்ததுதான்.

நடுவில் வ் எப்படி வந்தது? தேனுக்கான பழைய ஸ்லாவிய அடி உகரத்தில் முடிவது. லித்துவேனியனில் இன்றும் 'மெதுஸ்'. அந்த உகரத்தின் மேல் உயிர் வந்து ஏறினால் அது வ் ஆகிவிடும். மனு + அந்தரம் மன்வந்தரம் ஆவதுபோல, மெது + ஏத் மெத்வேத்.

உங்கள் ஆசிரியர் விடமாட்டார்: ஓசை இரண்டு பிரிப்புக்கும் இடம் கொடுக்கிறதே என்பார். உண்மைதான். 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ரஷ்ய எழுத்தும் கைகொடுக்காது. அறிதல், தின்னல் இரண்டு வேரையுமே 'யாத்' என்ற ஒரே எழுத்தால்தான் எழுதினார்கள். தீர்ப்பு சொல்வது தொகைச்சொல் அமைப்பு. இரண்டாம் பகுதி மெய்யில் தொடங்கினால் ரஷ்யன் நடுவில் ஓர் இணைப்புயிர் வைக்கும். மொழியறிஞர் 'யஸிகொவேத்', வட்டார வரலாறு அறிந்தவர் 'க்ராயெவேத்'. அப்படியானால் தேனறிந்தது 'மெதொவேத்' ஆகியிருக்க வேண்டும், ஆகவில்லை. அதே தேனையும் தின்னலையும் பிற்காலத்தில் மறுபடி சேர்த்தபோது 'மெதொயேத்' என்றுதான் வந்தது. அது வேறு விலங்கின் பெயர், தேன்வளைக்கரடி.

ரிக்வேதத்தின் முதல் மண்டலம் 164ஆம் சூக்தத்தில் (22ஆம் செய்யுள்) மரத்தில் அமரும் பறவைகளை 'மத்வத்' என்கிறார்கள், இனிப்பை உண்பவை. மெத்வேத்தின் அச்சு அசல். ஆனாலும் இதை வைத்து ரஷ்யனுக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுவான மூதாதை மொழியிலேயே இந்தத் தொகை இருந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஸ்லாவியத்துக்கு மிக நெருங்கிய லித்துவேனியனில் கரடி 'லோகிஸ்'. இரண்டு வீடுகள் ஒரே சாமானைக் கொண்டு தனித்தனியாகச் சமைத்திருக்கலாம். கரடிக்கான பழைய பெயர் சமஸ்கிருதத்தில் 'ரிக்ஷ', கிரேக்கத்தில் 'அர்க்தோஸ்', லத்தீனில் 'உர்சுஸ்' என்று பிழைத்திருக்க, ஸ்லாவியத்தில் மறைந்துபோனது. பெயரைச் சொன்னால் வந்துவிடும் என்ற பயமே காரணம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம். இரவில் பாம்பைப் பூச்சி என்பவர்களுக்கு இது புரியும். பின்னால் தேனுண்ணியின் பொருளும் மறந்துபோய், உக்ரைனியன் பகுதிகளையே இடம்மாற்றி 'வெத்மீத்' ஆக்கிவிட்டது. 'வேத்' என்று காதில் விழுந்தது உங்கள் வகுப்பில் மட்டும் அல்ல.

'செதீரெ' விஷயத்தில் சொல் உறவு சரி. முதலெழுத்து ஒத்திருப்பதுதான் ஏமாற்று. லித்துவேனியனில் அது 'கெதுரி', லத்தீனில் 'குவாத்துவோர்'. தொடக்கத்தில் இருந்தது ககர ஒலி. எ, இ முன்னால் அது சகரமாவதை ஸ்லாவியமும் சமஸ்கிருதமும் தனித்தனியே செய்துகொண்டன. கன்னடத்துக் 'கிவி' நம்மிடம் செவியானது இதே சங்கதிதான்.

உடன்பிறப்புகள் ஒழுங்காக ஒத்துவந்தாலே பூர்விகச் சொல் என்றும் நினைத்துவிடாதீர்கள். நகரம் அல்லது கோட்டை: ரஷ்யனில் 'கொரோத்', போலிஷில் 'க்ரூத்', செக்கில் 'ஹ்ராத்', செர்பியனில் 'க்ராத்'. அரசன்: 'கொரோல்', 'க்ரூல்', 'க்ரால்', 'க்ரால்ய்'. அதே அச்சு. ஆனால் இரண்டாவது, 814இல் இறந்த பிராங்கியப் பேரரசர் கார்லின் (சார்லமேன்) பெயரிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் முடிவு. 'கொரோ', 'க்ரூ', 'க்ரா' என்று மொழிக்கு மொழி பிரித்த ஒலிமாற்றம் ஓய்வதற்குள் வந்து சேர்ந்ததால் கூடவே உருமாறியது. இன்னொரு குழி: லெனின்கிராத் என்ற பழைய ஊர்ப்பெயரில் உள்ள 'க்ராத்' சர்ச் ஸ்லாவோனிக் வழி வந்த வடிவம், ரஷ்யனின் சொந்த வடிவம் நோவ்கொரோத் என்ற ஊர்ப்பெயரில் இருக்கிறது. கட்டத்தில் எதை எழுதுகிறோம் என்று பார்த்து எழுத வேண்டும்.

மாக்ஸ் ஃபாஸ்மரின் ரஷ்யச் சொற்பிறப்பு அகராதியை, துருபச்சோவ் ரஷ்யனில் பெயர்த்த நான்கு தொகுதிப் பதிப்பில் பாருங்கள். ஆனால் கட்டத்தை நிரப்பிய பிறகு. அதில் 'ஒப்பிடுக' என்று மட்டும் இருந்தால் பக்கத்தில் வைத்துப் பார் என்றே பொருள். உறவு என்று எண்ணிவிடக் கூடாது.

அடுத்த வாரத்துக்கு 'ஸ்நொகா' (மருமகள்) எடுத்துக்கொள்ளுங்கள். சமஸ்கிருதத்தில் 'ஸ்நுஷா', லத்தீனில் 'நுருஸ்'. ஷகரம் நிற்கும் இடத்தில் ரஷ்யனில் ஏன் ஹகரம் போன்ற ஒலி? ஈக்கு ரஷ்யனில் 'முகா', லித்துவேனியனில் 'முசே'. இரண்டையும் அருகருகே எழுதி, அந்த ஒலிக்கு முன்னால் எந்த உயிர் இருந்தது என்று பாருங்கள்.