பழைய இன்ஜினுக்கு சிந்தெட்டிக் ஆயில்: கேள்வி பதில்

ஆளாளுக்குத் தனியாகக் கேட்பதால் மொத்தமாகவே சொல்லிவிடுகிறேன். கார்களுக்கு மட்டும். பைக்கில் கிளட்ச்சும் அதே ஆயிலில் ஓடுவதால் அந்தக் கதை வேறு.

கேள்வி: அண்ணா, 20 வருஷ வண்டி, இதுவரை மினரல் ஆயில்தான் (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கும் சாதா ஆயில்). ஆலையில் ரசாயன முறையில் செய்யும் சிந்தெட்டிக் போட்டால் ஒழுகும் என்று மெக்கானிக் பயமுறுத்துகிறார். நிஜமா?

பாதி நிஜம். 1970களில் வந்த சிந்தெட்டிக் ஆயில்கள் சில இன்ஜின்களில் ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் சீலைச் சுருங்க வைத்தன, அந்தக் கெட்ட பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது சீலைப் பதமாக வைத்திருக்கும் எஸ்டர் போன்ற ரசாயனங்களைச் சேர்த்துத்தான் தயாரிக்கிறார்கள். ஆனால் உங்கள் வண்டியில் சீல் ஏற்கெனவே விறைத்து வெடித்து, அந்த வெடிப்பைப் பழைய கசடு அடைத்துக்கொண்டிருந்தால், புது ஆயில் கசடைக் கரைத்ததும் ஒழுகத்தான் செய்யும். பழி ஆயிலுக்கு, ஓட்டை முன்பே இருந்தது.

அதனால் மாற்றும் முன் வால்வு கவர் விளிம்பு, ஆயில் சம்ப் (இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஓரம், கிராங்க் தண்டு வெளியே வரும் இடத்துச் சீல் பக்கம் எல்லாவற்றையும் சுத்தமாகத் துடைத்துவிட்டு, சில நாள் ஓட்டி, டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் முதலில் சீல், கேஸ்கட் வேலை. அப்படியே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளேயும் ஒரு பார்வை. தேன் நிறத்தில் மெல்லிய படலம் இருந்தால் பயமில்லை, தாராளமாக மாற்றலாம். கறுப்பு வண்டல் விரலில் அப்பிக்கொண்டு வந்தால் அடுத்த பதிலைப் படியுங்கள்.

கேள்வி: மாற்றும் முன் ஃப்ளஷ், அதாவது கழுவும் திரவம் ஊற்றி இன்ஜினைச் சுத்தம் செய்யணுமா சார்?

கசடு நிறைந்த இன்ஜினில் வேண்டவே வேண்டாம். ஒரே மூச்சில் பெயர்ந்து வரும் கசடு சம்ப்புக்குள் இருக்கும் சல்லடையில் போய் அடைத்தால் பம்ப்புக்கு ஆயில் ஏறாது, பேரிங் காலி. புது ஆயிலே மெதுவாகக் கழுவட்டும். முதல் முறை வழக்கமான தூரத்தில் பாதியிலேயே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். நடுவில் ஆயில் பிரஷர் விளக்கு மினுக்கினால் உடனே இன்ஜினை அணைக்கணும், வீடு வரை ஓட்டிவிடலாம் என்று பார்க்காதீர்கள்.

கேள்வி: பழைய ஆயில் கொஞ்சம் உள்ளே தங்கிவிடுமே, கலந்தால் கட்டியாகிவிடாதா?

ஆகாது. இரண்டும் கலக்கும். பாதி சிந்தெட்டிக் என்று விற்பதே அப்படிக் கலந்ததுதான். பிடிக்கவில்லை என்றால் மினரலுக்குத் திரும்பவும் செய்யலாம்.

கேள்வி: என் வண்டிக்கு 20டபிள்யூ-50. கடையில் 0டபிள்யூ-20 தான் உசத்தி என்கிறார்களே?

உசத்திதான், அதற்கென்று செய்த இன்ஜினுக்கு. பின்னால் வரும் எண் 100 டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்வது. பேரிங் இடைவெளி அதிகமான பழைய இன்ஜினில் 20 போட்டால் பிரஷர் இறங்கிவிடும். வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் பின் எண்ணுக்குக் கீழே இறங்காதீர்கள். டபிள்யூவுக்கு முன்னால் இருப்பது குளிர் ஸ்டார்ட்டுக்கானது, அது குறைந்தால் நல்லதே. சிந்தெட்டிக்கில் கிடைக்கும் பெரிய லாபமே அதுதான்.

இன்னொன்று. ரொம்பப் பழைய, ரோலர் இல்லாத தட்டை டேப்பெட் (வால்வைத் தள்ள, கேம்ஷாஃப்ட் மேல் உரசி ஓடும் பாகம்) இன்ஜினாக இருந்தால் துத்தநாகமும் பாஸ்பரஸும் போதிய அளவு உள்ள ஆயிலாகப் பாருங்கள். 2004இல் வந்த ஏபிஐ எஸ்எம் தரத்திலிருந்து (ஏபிஐ என்பது ஆயிலுக்குத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பு), 0டபிள்யூ-20 போன்ற லேசான கிரேடுகளில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு அது நல்லது, அந்தக் கால கேம்ஷாஃப்டுக்கு அல்ல.

கேள்வி: போட்டுக் கொஞ்ச தூரத்திலேயே கறுத்துவிட்டது, போலியா?

அழுக்கை இழுக்கிறது, அவ்வளவுதான். டீசல் என்றால் இன்னும் சீக்கிரம் கறுக்கும்.

கேள்வி: அப்போ இரண்டு மடங்கு தூரம் ஓட்டலாமா?

தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியாகப் பெட்ரோலும் புகையும் கீழே இறங்குவதை எந்த ஆயிலும் தடுக்காது. புத்தகத்தில் போட்ட கணக்கே கணக்கு.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்தால் நீலப் புகை, அடிக்கடி டாப்-அப் செய்கிறேன். சிந்தெட்டிக் போட்டால் நிற்குமா?

நிற்காது தம்பி. காலையில் மட்டும் புகை என்றால் வால்வு சீல் மேல்தான் முதல் சந்தேகம், ஓட்டும்போதும் புகைந்தால் ரிங். சிலிண்டருக்குள் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கும் ஒரு கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். அது சரியாகும் வரை விலை அதிகமான ஆயிலை எரிக்க வேண்டாம், இருக்கும் மினரலையே அளவு குறையாமல் பார்த்து ஓட்டுங்கள்.