வத்தல்மலை ஏற்றத்தில் தொடை இறுகுகிறது: தசைக் கருவி வாங்கலாமா?

கேள்வி: தருமபுரியிலிருந்து ஞாயிறுதோறும் வத்தல்மலைக்குச் சைக்கிளில் ஏறுகிறேன். பாதி ஏற்றத்திலேயே தொடை கல்லாக இறுகிவிடுகிறது. தொடையில் ஒட்டித் தசைக் களைப்பை அளக்கும் கருவி வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்தக் கருவி களைப்பை நேரடியாக அளப்பதில்லை. தசை நார்கள் வேலை செய்யும்போது எழும் மின்துடிப்பைத் தோலின் மேலிருந்து பதிவு செய்கிறது, இ.எம்.ஜி. என்பது அதுதான். களைப்பை அதிலிருந்து நாம்தான் கணிக்க வேண்டும்.

ஒரே சுமையைத் தொடர்ந்து மிதிக்கும்போது சில நார்கள் தளரும். அதே விசையைத் தக்கவைக்க மூளை வேறு நார்களையும் துணைக்கு அழைக்கும். அதனால் மின் அலையின் வீச்சு, அதாவது உயரம், கூடும். கூடவே, நார்களில் துடிப்பு ஓடும் வேகம் குறைவதால் அலைவெண், அதாவது நொடிக்கு எத்தனை அலை என்பது, இறங்கும். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் களைப்பு என்கிறோம். ஆனால் சுமை மாறாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும். ஆய்வகச் சைக்கிளில் 200 வாட் என்று வைத்தால் கடைசிவரை 200 வாட்தான். மலையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சரிவு மாறுகிறது. நீங்கள் எழுந்து நின்று மிதிக்கிறீர்கள். வீச்சு கூடியது களைப்பாலா, ஏற்றத்தாலா என்று கருவியால் பிரித்துச் சொல்ல முடியாது.

ஒட்டுவதும் எளிதல்ல. முடியை மழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, நார் ஓடும் திசையிலேயே 2 செ.மீ. இடைவெளியில், மின்துடிப்பைப் பிடிக்கும் இரண்டு வில்லைகளை ஒட்ட வேண்டும். எவ்வளவு கவனமாக ஒட்டினாலும் வியர்வை ஓரத்தைக் கிளப்பிவிடும்; அப்புறம் திரையில் தெரிவது ஒயர் ஆடும் இரைச்சல்தான். அடுத்த வாரம் ஒரு விரல் தள்ளி ஒட்டினால் எண்ணே வேறு. முழங்கால் அறுவைக்குப் பின் இரண்டு கால்களையும் ஒப்பிட இந்தக் கருவி நல்ல துணை. உங்கள் தேவை அதுவல்ல.

மலையில் ஒரே சீரான ஏற்றமாக ஒரு துண்டைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு வாரமும் அதை அதே கியரில் ஏறி, எடுத்த நேரம், முடிவில் நாடித்துடிப்பு, பத்துக்கு எவ்வளவு சிரமம் என்ற மூன்றையும் குறியுங்கள். நேரம் மாறாமல் சிரமம் கூடினால், கால் இன்னும் தேறவில்லை என்று பொருள்.

தொடை இறுகுவதற்குக் கனமான கியரும் காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அதே வேகத்தில் நிமிடத்துக்கு 80 சுற்று மிதிப்பவரைவிட 50 சுற்று மிதிப்பவர் ஒவ்வொரு மிதிக்கும் 1.6 மடங்கு விசை தர வேண்டும். இலகுவான கியருக்கு மாறுங்கள். இருக்கையையும் பாருங்கள்: குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கினால் கால் நேராக நீள வேண்டும். இருக்கை தாழ்ந்திருந்தால் முன்தொடைக்குத்தான் கூடுதல் வேலை.

கடும் ஏற்றத்துக்குப் பிறகு சிறுநீர் கறுப்புக் காப்பி நிறத்தில் போனால், வலி தணியட்டும் என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலையாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.